பெயர் எழுத வேண்டாம் என்றார்கள்

இது நடந்து இரண்டு வருடம் இருக்கும். ஆடிப் பெருக்குக்கு வந்த கூட்டமெல்லாம் இறங்கிப் போய், கொல்லிமலை வெறிச்சென்று இருந்த வாரம். மலை மேல் இருக்கும் ஒரு தங்கும் விடுதியில் நான் லாண்டரியில் வேலை பார்க்கிறேன். வீடு கீழே, காளப்பநாயக்கன்பட்டிக்குப் பக்கம். என் வீட்டுக்காரருக்கு மரவள்ளி போடும் அளவுக்குக் கொஞ்சம் மானாவாரிக் காடு உண்டு. மழை ஏமாற்றிய வருடங்களில் என் சம்பளத்தில்தான் வீடு ஓடும். என்னைப் போலக் கீழே இருந்து வருகிறவர்களை விடிகாலையில் ஒரு வேன் ஏற்றிக்கொண்டு மேலே போகும். சாயங்காலம் கொண்டுவந்து விடும்.

எங்கள் விடுதி சென்னையில் இருக்கும் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். அவர்களுக்கு ஊர் ஊராக விடுதிகள் உண்டு. முதலாளி யார், எப்படி இருப்பார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் மேனேஜர்தான்.

அந்த வாரம் வாட்ஸ்அப் குரூப்பில் மேனேஜர் ஒரு லிங்க் அனுப்பினார். ஊழியர் மனநிலை பற்றிய சர்வேயாம். உங்கள் மனதில் இருப்பதைத் தயங்காமல் சொல்லுங்கள், உங்கள் பெயர் யாருக்கும் தெரியாது என்று கீழே எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு சிரிக்கிற மஞ்சள் முகம்.

என் தோழி ஒருத்தி சமையலறையில் காய் நறுக்குகிறாள். எதையும் லேசில் நம்ப மாட்டாள். கடையில் உப்பு வாங்கினால்கூட ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள். அவள்தான் முதலில் அந்த லிங்க்கைத் திறந்தாள். திறந்தவுடன் அது மொபைல் நம்பர் கேட்டது. நம்பரைப் போட்டால் ஓடிபி வந்தது.

"பேரு வேண்டாங்கறாங்க, நம்பரு கேக்கறாங்க. நம்பரு தெரிஞ்சா பேரு தெரியாதாக்கா?" என்று போனை அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டாள். அவளைப் பார்த்து நாங்களும் தொடவில்லை.

இரண்டு நாள் கழித்துக் காலையில் எல்லோரையும் நிற்க வைத்து மேனேஜர் பேசினார். "ஏன் இன்னும் பாதிப் பேர் போடல? லாண்டரில ஒருத்தரும் போடல. கிச்சன்ல ஒருத்தர் ஆரம்பிச்சுட்டுப் பாதியில விட்டிருக்கீங்க. யாருன்னே தெரியாதுங்கறப்ப என்ன பயம்?"

தோழி என் கையைக் கிள்ளினாள். யாரென்று தெரியாது என்றால், பாதியில் விட்டவர் கிச்சனில் இருப்பது மட்டும் இவருக்கு எப்படித் தெரிந்தது?

எங்கள் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தைய வருடம் மனம் விட்டுப் பேசலாம் என்று ஒரு கூட்டம் போட்டார்கள். டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள் என்றார்கள். மலைக்காரர் ஒருவர் தோட்ட வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளந்தியான மனுஷன். எங்களுக்கு மத்தியானம் போடுகிற சாப்பாடு முந்தின நாள் மிச்சம், சாம்பார் புளித்த வாடை வருகிறது என்று எழுந்து நின்று சொன்னார். மேனேஜர் கைதட்டச் சொன்னார், நாங்களும் தட்டினோம். அந்த மாதமே ஆள் அதிகம் என்று சொல்லி அவரை நிறுத்திவிட்டார்கள். சாம்பார் மட்டும் மாறவில்லை. அதிலிருந்து யாராவது சிரித்துக்கொண்டே உங்கள் கருத்து என்ன என்று கேட்டால், எல்லாம் நல்லாயிருக்குதுங்க என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம்.

லிங்க்கில் யாரும் சரியாகப் போடாததால் சென்னையிலிருந்து ஆளே வந்துவிட்டது. முப்பது வயது இருக்கும் ஒரு பெண். நூல் சுடிதார், தோளில் ஒரு பை, கையில் பூட்டுப் போட்ட தகரப் பெட்டி. மேலே காசு போடும் உண்டியல் மாதிரி ஒரு பிளவு. எழுதிய தாளை நாங்களே மடித்து அதற்குள் போட வேண்டுமாம்.

வந்த அன்று மத்தியானம் அந்தப் பெண் மேனேஜரோடு உட்கார்ந்து சாப்பிட்டது. இருவரும் ஏதோ பேசிச் சிரித்ததை நாங்கள் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தோம்.

"பாத்தியாக்கா? நம்ம காயிதம் அந்தப் பொட்டிக்குள்ள போனா என்ன, நேரா அவரு மேசைக்குப் போனா என்ன?" என்றாள் தோழி.

அன்று சாயங்காலம் வேனிலேயே பேசி முடிவு செய்தோம். எந்தக் கேள்வியாக இருந்தாலும் இருப்பதிலேயே நல்ல பதிலுக்கு டிக் போடுவது. அதாவது, எல்லாம் பரம திருப்தி. வேன் ஓட்டும் டிரைவர் மட்டும் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க்காரர், எனக்குத் தம்பி முறை. அந்த மலைப்பாதையில் அவரைப் போல வண்டி ஓட்டுகிறவர் கிடையாது. முன்பு இரண்டு டிரைவர்கள் இருந்தார்கள். செலவைக் குறைக்கிறோம் என்று ஒருவரை நிறுத்திவிட்டதால் இவரே எல்லாம் ஓட்ட வேண்டியதாயிற்று. பகலில் விடுதிக்கு வந்தவர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுவது, ராத்திரி அவர்களைச் சேலம் ரயிலில் ஏற்றிவிட்டு வருவது, விடிவதற்குள் எங்களைக் கூட்டிப் போக வந்து நிற்பது. மனுஷன் எப்போது தூங்குவார்?

ஒருநாள் காலையில் காரவள்ளி தாண்டி மேலே ஏறும்போது, கண்ணாடியில் அவர் கண் மூடியதைப் பார்த்தேன். வண்டி தடுப்புச் சுவர் பக்கம் சாய்ந்தது. தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். முழித்துக்கொண்டார். பின்னால் இருந்தவர்களில் தோழிக்கு மட்டும்தான் என்ன நடந்தது என்று புரிந்தது. அன்றிலிருந்து நான் டிரைவருக்கு நேர் பின்னால்தான் உட்காருவேன். வண்டி கிளம்பியதிலிருந்து நிற்கும் வரைக்கும் அவரிடம் எதையாவது பேசிக்கொண்டே வருவேன். மற்றவர்களுக்கு நான் வாயாடி. தோழிக்கு மட்டும் காரணம் தெரியும்.

இதை யாரிடம் சொல்வது? சொன்னால் முதலில் போவது டிரைவர் வேலைதான். அவருடைய பெண் ராசிபுரத்தில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தது. சொல்லாவிட்டாலோ ஒருநாள் எல்லோருமாகப் பள்ளத்தில் கிடப்போம். இந்த இரண்டுக்கும் நடுவில் மாதக்கணக்காக வாயை வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சாப்பாட்டு அறையில் ஒவ்வொரு பிரிவாகக் கூப்பிட்டுத் தாள் கொடுத்தார்கள். தாளில் பெயருக்கு இடம் இல்லைதான். ஆனால் மேலே பிரிவு, ஆணா பெண்ணா, வயது எதிலிருந்து எதற்குள், எத்தனை வருட சர்வீஸ் என்று கட்டங்கள் இருந்தன. முதல் கட்டத்தில் லாண்டரி என்று டிக் போட்டேன், அடுத்ததில் பெண் என்று போட்டேன். நாற்பதுக்கு மேல் என்று போடும்போது பேனா நின்றுவிட்டது. லாண்டரியில் மொத்தமே நான்கு பேர். அதில் நாற்பது தாண்டிய பெண் நான் ஒருத்திதான். இதற்குப் பேரையே எழுதிவிடலாமே!

கேள்விகள் எல்லாம் வாக்கியங்களாக இருந்தன. என் வேலை எனக்குப் பெருமை தருகிறது. என் மேலதிகாரி என்னை மதிக்கிறார். பேசிவைத்தபடி 'முழுக்க ஆமாம்' என்ற கடைசிக் கட்டத்தில் டிக் போட்டுக்கொண்டே வந்தேன். நடுவில் ஒன்று: பணிக்கு வந்து செல்லும் பயணம் பாதுகாப்பாக உள்ளது.

அந்த இடத்தில் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. இல்லை என்று போட்டால் ஒரு குடும்பம் தெருவுக்கு வரும். ஆமாம் என்று போட்டால் பொய். டிரைவர் நல்லவர், அவரைத் தூங்க விடாத வேலைதான் கெட்டது என்று சொல்ல அந்தத் தாளில் கட்டம் ஏது? அதற்கும் கடைசிக் கட்டத்திலேயே டிக் போட்டேன்.

பெட்டியில் போடப் போனபோது எனக்கே தெரியாமல் வாய் திறந்துவிட்டது. அந்தப் பெண்ணிடம், "ஏனுங்க, இதுல பேரு இல்லீங்க. ஆனா லாண்டரி, பொம்பள, நாப்பதுக்கு மேலன்னா இங்க நான் ஒருத்திதானுங்க. இத வெச்சு என்னையக் கண்டுபுடிச்சிர முடியுமுங்களா?" என்று கேட்டேன்.

சேச்சே, அதெல்லாம் முடியாது, பயப்படாதீங்க என்று சொல்லும் என்றுதான் எதிர்பார்த்தேன். அந்தப் பெண் வாசல் பக்கம் பார்த்தது. மேனேஜர் வராந்தாவில் போன் பேசிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "முடியும்" என்றது.

கையிலிருந்த தாளை இன்னொரு மடிப்பு மடித்தேன்.

"சின்ன இடம். சுலபமாவே முடியும். இந்தக் கட்டமெல்லாம் வேண்டாம்னு ஆபீஸ்ல சொல்லிப் பார்த்தேன். பெரிய ஹோட்டலுக்கு அடிச்ச அதே தாளை இங்கயும் அனுப்பிட்டாங்க. நீங்க பயப்படறதுல தப்பே இல்ல."

நான் தாளைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். தோழியிடம் சொன்னபோது அவள் கண்ணைச் சுருக்கினாள். "உண்மையப் பேசற மாதிரிப் பேசி உன் வாயப் புடுங்கப் பாக்கறா. சாக்கிரதை." எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனாலும் அந்த 'முடியும்' காதிலேயே நின்றது. அந்த விடுதியில் அத்தனை வருடத்தில் ஒரு கேள்விக்கு நேரான பதிலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் வேனில் ஏறப் போனால், அந்தப் பெண் பையும் பெட்டியுமாக வந்து நிற்கிறது! தானும் கீழே வருவதாகவும், காளப்பநாயக்கன்பட்டியில் நாமக்கல் பஸ் பிடித்துக்கொள்வதாகவும் சொன்னது. மேனேஜர் பின்னாலேயே ஓடிவந்து, நாளைக்குக் கார் ஏற்பாடு செய்கிறேன் மேடம் என்றார். "பரவாயில்லை சார், இவங்களோடயே போறேன்" என்று ஏறி, நேராக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

தோழி பின்னாலிருந்து என் காதோரம், "வேவு பாக்க வந்திருக்கா" என்றாள். நானும் அதையேதான் நினைத்தேன். எல்லாத் தாளும் ஒரே மாதிரி இருந்திருக்கும், அதனால்தான் நேரில் துருவ வந்திருக்கிறது என்று.

வண்டி சோளக்காடு தாண்டி இறங்க ஆரம்பித்தது. தூறல், கூடவே பனிமூட்டம். நான் வாயைத் திறக்கவில்லை. பேசினால், நான் ஏன் பேசுகிறேன் என்று இந்தப் பெண் கண்டுபிடித்துவிடுமோ என்று பயம். முதல் சில வளைவுகள் அப்படியே போயின. கண்ணாடியில் பார்த்தேன். தம்பியின் கண்கள் சிவந்து, இமை மெல்ல இறங்கி, திடுக்கென்று ஏறியது. மறுபடியும் இறங்கியது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். வேவு பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று ஆரம்பித்துவிட்டேன்.

"ஏஞ்சாமி, இந்த வாரம் பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போனயா? மல்லி என்ன வெலை விக்குது?"

"இல்லக்கா, போவல."

"ஊட்டுல புள்ள வந்திருக்குதா? லீவு எத்தன நாளாமா?"

இப்படியே கேள்வி மேல் கேள்வி. பதில் சொல்லாமல் தப்பிக்க முடியாதபடி கேட்பது எனக்குப் பழகிப்போயிருந்தது. பக்கத்தில் அந்தப் பெண் முதலில் என்னைப் பார்த்தது, அப்புறம் கண்ணாடியைப் பார்த்தது. நான் தண்ணீர் குடிக்க நிறுத்திய ஒரு நிமிஷத்தில், திடீரென்று அந்தப் பெண் முன்னால் சாய்ந்து, "அண்ணா, இந்த ரோட்டுல முதன்முதலா வண்டி ஓட்டினது ஞாபகம் இருக்கா? பயமா இருந்துச்சா?" என்று கேட்டது.

எனக்குத் தண்ணீர் புரையேறிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு விளங்கிவிட்டது. விளங்கியதோடு நிற்காமல், நான் விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டும் விட்டது. அதற்குப் பிறகு நானும் அந்தப் பெண்ணும் மாறி மாறிப் பேசிக்கொண்டே வந்தோம். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

முக்கால்வாசி இறங்கியிருப்போம். ஒரு வளைவில் கீழேயிருந்து பஸ் ஏறி வந்தது. ஹாரன் அடித்தான், எங்கள் காதிலேயே விழுந்தது. தம்பிக்கு விழவில்லை. வளைவை எடுத்த பிறகுதான் பஸ்ஸைப் பார்த்தார். பிரேக்கை மிதித்து ஓரத்துக்கு ஒடித்தார். பஸ் உரசுகிற மாதிரிப் போனது. எங்கள் வண்டி வழுக்கிக்கொண்டே போய், தடுப்புச் சுவரில் மூக்கை வைத்து நின்றது. தகரப் பெட்டி உருண்டு என் காலில் இடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மரங்களின் உச்சிதான் தெரிந்தது.

கீழே இறங்கிப் பார்த்தோம், ஒருவருக்கும் அடியில்லை. பாறையிலிருந்து ஒழுகும் தண்ணீரில் தம்பி முகம் கழுவிக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் பக்கத்தில் போனதும் கும்பிட்டார்.

"எழுதிராதீங்க மேடம். பொம்பளப் புள்ள படிச்சிட்டிருக்குது."

"நான் எதையும் எழுதல அண்ணா. கடைசியா எப்ப நல்லாத் தூங்குனீங்க?"

பதில் சொன்னது யார் தெரியுமா? என் தோழி. உப்பைக்கூட நம்பாதவள்.

"எங்கீங்க தூங்கறது? நேத்து ராத்திரி சேலம், முந்தாநாளு சேலம். ரெண்டு ஆளு பாத்த சோலிய ஒத்தை ஆளு பாத்தா என்னாகுமுங்க?"

அவ்வளவுதான், மடை உடைந்த மாதிரி ஆகிவிட்டது. தூறலில் நனைந்துகொண்டே ஆளாளுக்குப் பேசினார்கள். சாம்பார், தோட்டக்காரர், நம்பர் கேட்ட லிங்க், எல்லாம் வந்தது. அந்தப் பெண் கையில் பேனாகூட எடுக்கவில்லை. எல்லோரும் ஓய்ந்ததும் ஒன்று மட்டும் கேட்டது. "அண்ணனோட வேலை போகாம இதை எப்படிச் சொல்லணும்? நீங்களே சொல்லுங்க."

இந்த மாதிரி எங்களிடம் யாரும் கேட்டதில்லை. நான்தான் சொன்னேன். "டிரைவரு சரியில்லேன்னு சொல்லாதீங்க. இன்னொரு டிரைவரு வேணும்னு சொல்லுங்க."

"சரி. நான் வண்டியில வந்தேன், நானே பார்த்தேன்னு சொல்றேன். நீங்க யாரும் எதுவும் சொன்னதா இருக்காது."

தம்பி வண்டியை மெல்லக் கீழே இறக்கினார்; காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் ஏறும்போது அந்தப் பெண் எங்களைப் பார்த்துக் கையாட்டியது. நாங்களும் ஆட்டினோம். ஆனால் உண்மையைச் சொன்னால், நம்பவில்லை. வேன் கிளம்பியதும் தோழி, "அவசரப்பட்டுட்டனோக்கா?" என்றாள். அன்றிலிருந்து மேனேஜர் யாரையாவது கூப்பிட்டாலே எங்களுக்குப் படபடப்புதான். மோசம் என்னவென்றால், தம்பி என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார். நான்தான் அந்தப் பெண்ணுக்கு முன்கூட்டியே சொல்லி வேனில் ஏற்றினேன் என்று நினைத்துவிட்டார். கேட்டதற்கு ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் வரும். அதற்காக நான் பேசுவதை நிறுத்த முடியுமா? பேசினேன். மனதுக்குள் அழுதுகொண்டே பேசினேன்.

ஒருநாள் அறிவிப்புப் பலகையில் கலர் கலராக ஒரு தாள் ஒட்டினார்கள். எங்கள் விடுதியில் ஊழியர்களின் மனநிறைவு மிக மிக அதிகமாம். மேனேஜர் கேக் வெட்டினார். ஆளுக்கு ஒரு துண்டு வந்தது. நாங்கள் போட்ட பொய்க்கு எங்களுக்கே கேக் கொடுக்கிறார்களே என்று தோழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவ்வளவுதான், நம் பேச்செல்லாம் தூறலோடு போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

ஆவணி முடிவதற்குள் இரண்டாவது டிரைவர் வந்து சேர்ந்தார். ராத்திரி ஓட்டினவர் காலையில் ஆள் ஏற்றும் வேனை எடுக்கக் கூடாது என்று உத்தரவும் வந்தது. மேனேஜர் அதைத் தன்னுடைய யோசனை என்றுதான் சொன்னார். நாங்கள் மறுக்கவில்லை. தம்பியை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

புது ஏற்பாடு வந்த பிறகு ஒரு காலையில், நான் ஏறி உட்கார்ந்து வழக்கம்போல வாயைத் திறக்கப் போனேன். தம்பி திரும்பிப் பார்த்தார். முகம் தெளிவாக இருந்தது.

"அக்கா, இன்னைக்கு நீ பேசாமயே வரலாம். ராத்திரி நல்லாத் தூங்கிட்டேன்."

அந்த வளைவுகளில் நான் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு போனது பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டதைத் தோழி பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி இருந்தாள்.

அந்தப் பெண் இப்போது அந்தக் கம்பெனியில் இல்லை என்று ரிசப்ஷனில் சொன்னார்கள். தானாகப் போனதா, எங்களால் போனதா, தெரியவில்லை. விசாரிக்க ஒரு நம்பர்கூட நான் வாங்கி வைக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

போன வருடம் மறுபடி சர்வே வந்தது. மறுபடியும் லிங்க், மறுபடியும் ஓடிபி. லாண்டரிக்குப் புதிதாக வந்த பெண் போனைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் எழுதுனா யாருன்னு தெரிஞ்சுருமாக்கா?" என்று கேட்டாள். "தெரியும் கண்ணு. அத நெனப்புல வெச்சுக்கிட்டு எழுதறதுன்னா எழுது" என்றேன்.

என் சந்தேகபுத்தி இன்னும் போகவில்லை. ஆனாலும் பயப்படாதே என்று தட்டிக்கொடுத்த எத்தனையோ பேரை மறந்துவிட்டேன். நீ பயப்படுவது சரிதான் என்று சொல்லிவிட்டு என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்த அந்த ஒரு பெண்ணைத்தான் இன்றுவரை நான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.